சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறுமா?
கர்ப்பிணிகளின் சாப்பாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கர்ப்பகால உணவு பற்றிக் கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் ‘எதைச் சாப்பிடக் கூடாது’ என்றே கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு, எதோடு, எந்த நேரத்தில் என்று கேட்டவர்கள் குறைவு. பதில்களில் நாங்கள் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். பதில் எழுதியவர்கள் ஒரு மகப்பேறு மருத்துவரும் ஓர் உணவியல் நிபுணரும்.

எனக்கு ஐந்தாம் மாதம். எச்.பி. 9.2 என்றார்கள். தினமும் பீட்ரூட் ஜூஸ், ஒரு மாதுளை, மூன்று பேரீச்சை சாப்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரையால் மலச்சிக்கல் வந்தது, மலமும் கறுப்பாகப் போனது. அதனால் நிறுத்திவிட்டேன். சாப்பாட்டிலேயே ரத்தத்தை ஏற்றிவிட முடியாதா?
— வாசகி, தேனி

முடியாது. இன்று இரவே மாத்திரையை மறுபடி தொடங்குங்கள்.

எச்.பி. என்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு. கர்ப்பிணிக்கு அது 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7க்குக் கீழே கடுமை. இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

கர்ப்பகாலம் முழுவதற்கும் உடம்புக்குக் கூடுதலாகச் சுமார் 1,000 மி.கி. இரும்பு தேவை. நீங்கள் நம்பியிருப்பவற்றின் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மி.கி. இரும்புகூடத் தேறாது. 100 கிராம் மாதுளை முத்துக்களில் சுமார் 0.3 மி.கி. மூன்று பேரீச்சையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதிலும் தாவர உணவில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உடம்பில் ஒட்டுவது அபூர்வம். பீட்ரூட்டின் சிவப்பு ஒரு சாயம், அவ்வளவுதான். ரத்தத்தின் சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் நிறுத்திய ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. எச்.பி. சரியாக இருப்பவர்களுக்கே நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாட்களுக்குத் தருகிறார்கள். 9.2 உள்ளவருக்கு வழக்கமாக இரண்டு. உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பெட்டகத்தில் வந்த இரும்பு டானிக்கும் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கேட்காமல் இரண்டையும் சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் எச்.பி. ஏறாதவர்கள் நிறைய பேர். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பாலோடு மாத்திரை. பாலில் உள்ள கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். டீ, காபியில் உள்ள டானினும் அதையேதான் செய்யும். கால்சியம் மாத்திரையையும் சேர்த்து ஒரே கையில் விழுங்கினால் கேட்கவே வேண்டாம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

காலை 8 மணிச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம்.
11 மணிக்கு இரும்பு மாத்திரை ஒன்று. கூட அரை கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ.
மதியம் 1.30 சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது கால்சியம்.
காபி வேண்டுமென்றால் மாலை 4 மணிக்கு.
இரவு 8 மணிக்குச் சாப்பாடு, 10 மணிக்கு இரண்டாவது இரும்பு மாத்திரை. இதற்கு வெறும் தண்ணீர் போதும்.

வெறும் வயிற்றில் போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் சிலருக்குக் குமட்டும். அவர்கள் சாப்பிட்ட பின் போடலாம், கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் பரவாயில்லை. நிறுத்துவதை விட அது மேல்.

மலம் கறுத்துப் போவது, உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால். பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டு, கீரைத்தண்டு, தோலோடு கொய்யா, இரவில் ஊறவைத்த உலர்திராட்சை, நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். போதவில்லை என்றால் இசப்கோல் உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம். விளக்கெண்ணெய் மட்டும் கூடாது. அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். நிலவாகையையும் கேட்காமல் தொடாதீர்கள்.

சாப்பாட்டில் உண்மையிலேயே இரும்பு வேண்டுமென்றால், அசைவம் சாப்பிடுபவருக்கு சுவரொட்டிக்கு ஈடு கிடையாது. ஆட்டு மண்ணீரல்தான் அது. 100 கிராமில் 40 மி.கி. அளவுக்கு இரும்பு, அதுவும் எளிதில் உடம்பில் சேரும் வகை. கழுவி, மேல்சவ்வை நீக்கி, மிளகு சீரகம் போட்டு, உள்ளே சிவப்பு துளியும் தெரியாதபடி வேகவிட வேண்டும். ‘வெந்தால் சத்து போய்விடும்’ என்று அரைவேக்காட்டில் கொடுப்பது தப்பு. ஈரல் வேறு கதை. 100 கிராம் ஆட்டு ஈரலில் உள்ள வைட்டமின் ஏ, ஒரு நாள் உச்சவரம்பான 3,000 மைக்ரோகிராமைப் போல் இருமடங்குக்கு மேல் இருக்கும். முதல் மூன்று மாதம் ஈரலே வேண்டாம்.

சைவத்தில் கீரை, ஊறவைத்த அல்லது முளைகட்டிய பயறு. கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகும்.

ஒரு மாதம் கழித்து எச்.பி. மறுபடி பாருங்கள். குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் கொக்கிப்புழு, பி12 குறைவு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு என்று வேறு காரணம் தேட வேண்டும், அல்லது நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். நான்காம் மாதத்துக்குப் பின் ஒரே ஒரு தடவை தரும் 400 மி.கி. அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையைப் போட்டீர்களா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் மருமகளுக்கு இரண்டாம் மாதம். தெரியாமல் பக்கத்து வீட்டில் கொடுத்த பப்பாளிப் பழம் இரண்டு துண்டு தின்றுவிட்டாள். மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. அன்னாசி, எள் எல்லாம் எப்படி?
— ஒரு மாமியார், திருச்சி

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. நன்றாகப் பழுத்த பப்பாளியில் இரண்டு துண்டு ஒன்றும் செய்யாது. சந்தேகப்பட வேண்டியது காயை. பப்பாளிக்காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியுமே, அந்தப் பாலில் உள்ள பொருட்கள் எலிகளின் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆய்வில் தெரிந்தது. பழுக்கப் பழுக்க அந்தப் பால் வற்றிவிடும். ஆகவே பப்பாளிக்காய்க் கூட்டு, செங்காய், கறி மெத்தென்று வேக அரைத்துப் போடும் பப்பாளிக்காய் விழுது இவற்றைத் தவிருங்கள். பழத்தைக் கண்டு ஓட வேண்டாம்.

அன்னாசியில் பழி சுமத்தப்படும் புரோமிலின் என்ற நொதி நடுத்தண்டில்தான் அதிகம். சதைப்பகுதியில் இரண்டு மூன்று துண்டு தாராளமாகச் சாப்பிடலாம். எள்ளுருண்டை ஒன்று சாப்பிட்டால் கால்சியம்தான் கிடைக்கும்.

இந்தப் பயம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதியோ அதற்கு மேலோ, கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேர்ந்த கோளாறால் கலைகின்றன. யாராலும் தடுக்க முடியாது. ஆனால் முந்தின நாள் அவள் தின்ற பழத்தின் மேல் பழி விழுந்துவிடும். அவள் மேலும் விழும். கண்டிப்பாகத் தள்ள வேண்டியவை வேறு: மது, காய்ச்சாத பால், ஆஃப்பாயில், வேகாத இறைச்சி, என்னவென்று தெரியாத லேகியமும் கஷாயமும்.

எட்டு வாரம். சோறு கொதிக்கும் வாசனை வந்தாலே வாந்தி. ஒன்றும் உள்ளே நிற்கவில்லை. குழந்தைக்குச் சத்து போகுமா?
— வாசகி, சேலம்

போகும். இந்த வாரங்களில் கரு மிகச் சிறியது. உங்கள் உடம்பின் இருப்பே அதற்குப் போதும். மசக்கை ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதுவரை சத்தான சாப்பாடு என்று அலட்டிக்கொள்ளாமல், எது உள்ளே நிற்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்.

வயிறு காலியானால் குமட்டல் கூடும். தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரி, பொட்டுக்கடலை அல்லது ரஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு பிடி மென்று, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். அப்புறம் இரண்டு மணிக்கு ஒரு தரம், கால் வயிற்றுக்கு. சூடான சாப்பாட்டில் வாசனை அதிகம் எழும். ஆறிய இட்லியும் தயிர்சாதமும் உள்ளே போவது அதனால்தான். சமையலறை வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், இரண்டு மாதம்தானே. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளைகளில் சிறுகச் சிறுகக் குடியுங்கள். இஞ்சித் துண்டு, நாரத்தங்காய், எலுமிச்சையை முகர்வது எல்லாமே சிலருக்கு உதவும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். வயிற்று அமிலம் பட்ட பல் தேயும். கொப்பளித்தால் போதும்.

இரும்பு கலந்த மல்டிவைட்டமின் எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டு இப்போதைக்கு நிறுத்துங்கள். அது குமட்டலைக் கூட்டும். ஃபோலிக் அமிலம் மட்டும் தொடரட்டும். வாந்தி எந்த நேரத்தில் குறைவோ அப்போது போடுங்கள். பி6, டாக்ஸிலமைன் சேர்ந்த மாத்திரை பாதுகாப்பானது, ஆனால் எழுதி வாங்குங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எடை இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இருக்கிறதா என்று பார்த்து, டிரிப்ஸ் போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். நாள்கணக்கில் சாப்பிடாதவருக்கு அது முக்கியம்.

குங்குமப்பூ பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?
— வாசகி, ராமநாதபுரம்

பிறக்காது. தோல் நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணு. நாலு இதழ் போட்ட பால் கெடுதலும் இல்லை. அதில் நல்லது செய்வது பால்தான்.

காபி குடிக்கலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

நாளுக்கு 200 மி.கி. காஃபினுக்குள் இருந்தால் நல்லது. சிறிய டம்ளரில் ஃபில்டர் காபி என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிகாக்ஷன் கெட்டியாகப் போடும் வீடு என்றால் ஒன்று. டீ, கோலா, சாக்லெட் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

ஆறாம் மாத குளுக்கோஸ் டெஸ்டில் 158 வந்தது. சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு வேளை கேழ்வரகுக் கஞ்சி, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்று மாறிவிட்டேன். ஆனாலும் சாப்பிட்டபின் சர்க்கரை 150க்குக் குறையவில்லை. என்ன தப்பு?
— வாசகி, கோவை

கஞ்சியும் கருப்பட்டியும்தான் தப்பு.

முதலில் டெஸ்டைப் பற்றி. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு தொலைதூரம் வந்து காத்திருக்க முடியாத நம் ஊர்ப் பெண்களுக்காக இந்த முறையை வலியுறுத்தியவர்களில் சென்னை டாக்டர் வி.சேஷய்யா முக்கியமானவர். அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அந்த டெஸ்ட் கணக்கில் சேராது. மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும்.

இனி கஞ்சி. கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. முழுதாக, கடித்து மென்று சாப்பிடும்போது மெதுவாகச் செரிக்கும். நைசாக அரைத்து, தண்ணீராகக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றுக்கு வேலையே இல்லை. சர்க்கரை ஒரே மூச்சில் ஏறும். அதே மாவில் ஒரு பிடி முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டி, கூட ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும்.

சோற்றை அடியோடு நிறுத்துவதும் சரியில்லை. கர்ப்பிணிக்கு நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். மிகவும் குறைத்தால் கீட்டோன் சேரும். மொத்தத்தை மூன்று சாப்பாடு, மூன்று சிறுதீனி என்று பிரித்துவிடுங்கள். காலை நேர ஹார்மோன்களால் அப்போதுதான் சர்க்கரை அதிகம் எகிறும், அதனால் காலையில் அளவு சின்னதாக இருக்கட்டும்: இரண்டு மூன்று இட்லி, பருப்பு தெரியும் சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை. அந்த வேளையில் பழம் வேண்டாம். மதியம் தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, சுண்டல், மீன், முட்டை இவற்றில் ஏதாவது. காயை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுங்கள். பழம் 11 மணிக்கோ 4 மணிக்கோ, ஒன்று. ஜூஸ் எப்போதுமே வேண்டாம். இரவு 10 மணிக்குச் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வீட்டுக்குள்ளேயே பத்து பதினைந்து நிமிடம் நடங்கள்.

இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள். இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டும் 120க்கு மேலேயே நின்றால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தொடங்குவார்கள். ‘ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடணும்’ என்று சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரசவத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே உங்களுக்கும் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். எட்டாம் மாதம். ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்று மூன்று வேளையும் கூடுதலாகச் சோறு வைக்கிறார்கள். புரோட்டீன் போதவில்லை என்கிறார் டாக்டர்.
— வாசகி, கும்பகோணம்

இருவருக்கும் சேர்த்து நாளுக்குக் கூடுதலாக வேண்டியது சுமார் 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலையோடு அது முடிந்துவிடும். சோற்றை மேலும் குவிப்பது எடையைத்தான் ஏற்றும். கர்ப்பத்துக்கு முன் இயல்பான எடை இருந்தவர் மொத்தம் 10 முதல் 12 கிலோ கூடினால் நல்லது.

புரோட்டீன் கடைசி மூன்று மாதத்தில் வழக்கத்தை விட 22 கிராம் கூடுதலாக வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 68 கிராம். சைவத்தில் இதை எட்டலாம், ஆனால் ரசத்தையும் தண்ணீர் சாம்பாரையும் பருப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சமைக்கும் முன் உள்ள எடைக்குக் கணக்கு இது: பருப்பு 60 கிராமில் 13, கொண்டைக்கடலை 50 கிராமில் 10, வேர்க்கடலை 30 கிராமில் 7, பால் 400 மில்லியில் 13, தயிர் 200 கிராமில் 6, நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசி 200 கிராமில் 15. கூட்டினால் 64 வரும். வாரத்தில் மூன்று நாள் 50 கிராம் பனீர் சேர்த்தால் குறை தீர்ந்தது. கடலை வாயுவாகிறது என்பவர்கள் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

பி12 தாவரங்களில் கிடையாது. தினம் அரை லிட்டர் பாலும் தயிரும் சேர்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். பால் பிடிக்காது என்றால் ரத்தத்தில் பி12 அளவு பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்வதே வழி.

மீன் இல்லாமல் சோறு இறங்காது. எதைச் சாப்பிடலாம்? பிரசவத்துக்குப் பிறகு சுறாப் புட்டு கொடுக்கலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும். அதிலுள்ள பாதரசமும் சேர்ந்துகொண்டே போகும். வயதான பெரிய மீனில்தான் அது அதிகம், சமைத்தாலும் போகாது. அதனால் மீனின் அளவைப் பார்த்து வாங்குங்கள். சாளை, நெத்திலி, அயிலை இவை தாராளம்: விலை குறைவு, ஒமேகா-3 அதிகம், நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் உண்டு. வாரம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 100 கிராம். பெரிய வஞ்சிரமும் சூரையும் எப்போதாவது ஒரு துண்டு. சுறா வேண்டாம்.

பிரசவித்தவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது நம் கடற்கரை வழக்கம். பாதரசம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும் என்பதால், அதே மஞ்சள், பூண்டு, மிளகு போட்டு நெத்திலியில் புட்டு செய்து கொடுங்கள். பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்புவதால்தான். கருவாடு உப்பு மிகுந்தது; ரத்தக்கொதிப்பு இருந்தால் தொட வேண்டாம்.

பச்சரிசியும் திருநீறும் தின்னத் தோன்றுகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், விழுப்புரம்

வெட்கப்பட ஏதுமில்லை. இது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அறிகுறி. எச்.பி. பாருங்கள், இரும்பு ஏறத் தொடங்கினால் ஆசை தானாகக் குறையும். அதுவரை வாய்க்கு வறுத்த பொட்டுக்கடலை. மண், செங்கல், சாம்பல் வகைகளில் ஈயமும் புழு முட்டையும் இருக்கக்கூடும். அவற்றை உடனே நிறுத்துங்கள்.

நாங்கள் இப்போதுதான் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். மனைவி என்ன சாப்பிடத் தொடங்க வேண்டும்?
— வாசகர், சென்னை

ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம், இன்றிலிருந்து. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகிச் சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுக்கும் நேரத்தில் அந்த வேலை பாதி முடிந்திருக்கும். மருந்துக்கடையில் கேட்டால் 5 மி.கி. மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள். அது பன்னிரண்டு மடங்குக்கு மேல். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தவர்கள், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு அந்த 5 மி.கி. தேவைப்படும். வலிப்பு மாத்திரை வால்ப்ரோயேட் என்றால், தானாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.